தம் அடிப்பவர் ஓடத் தொடங்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தெட்டு வயதில், 92 கிலோ எடையோடும் நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட்டோடும் நான் ஓடத் தொடங்கினேன். பள்ளியில் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆள்தான். அலுவலக டீக்கடையில் இந்தச் சேதி பரவியதிலிருந்து கையில் டீயும் விரலிடுக்கில் சிகரெட்டுமாக யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்: "நானும் ஓடலாமா?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடம் வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சிகரெட்டை விட வேண்டுமா, இல்லை ஓடத் தொடங்கலாமா?

தொடங்குங்கள். சிகரெட்டை விடுவது ஓட்டத்தைவிடப் பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் "தம்மை விட்டுட்டு அப்புறம் ஓடலாம்" என்பதை ஒரு நிபந்தனையாக வைத்தே நான் ஏழு வருடம் ஓட்டினேன். இரண்டில் எதுவும் நடக்கவில்லை. ஓடத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் என்ன விலை கொடுக்கிறேன் என்பது அடுத்த நாள் காலையே தெரிந்தது. அதுவரை பெட்டியில் இருக்கும் படம் சொல்லியும் புரியாத விஷயம் அது.

இரண்டையும் ஒரே நாளில் தொடங்குபவர்களும் உண்டு. முடிந்தால் செய்யுங்கள். முடியாதவர்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

ஓடும்போது நெஞ்சு வலி வந்து விழுந்துவிட்டால்?

பயம் நியாயமானது. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இருப்பவர்கள், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இவர்களெல்லாம் ஷூ வாங்குவதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும். "தம் அடிப்பேன், ஓடப் போகிறேன்" என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. பார்ப்பார். தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.

இந்த விஷயத்தில் ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட், கிட்டத்தட்ட நூறு கிலோ எடை. 35 வயதில் ஓடத் தொடங்கி, சிகரெட்டை விட்டு, எடையையும் குறைத்தார். 1970களில் அமெரிக்காவில் ஓட்டப் பைத்தியம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1984 ஜூலையில், 52 வயதில், ஓடப் போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தார். உடற்கூறாய்வில் இதயத்தின் ரத்தக் குழாய்கள் மூன்றிலும் மோசமான அடைப்பு இருந்தது தெரிந்தது. அவருடைய அப்பாவும் 43 வயதில் இதய நோயால் இறந்தவர். ஃபிக்ஸைக் காட்டி "பார்த்தாயா, ஓடினால் சாவுதான்" என்று சொல்பவர்களை டீக்கடையில் நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்தக் கதை சொல்வது வேறு. ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதற்காக, பல வருடம் புகைத்ததும் குடும்பத்தில் ஓடுகிற நோயும் இல்லை என்று ஆகிவிடாது. போய் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. நம் ஊரில் நெஞ்சில் என்ன வந்தாலும் "கேஸ்தான்" என்று சோடா குடிக்கும் பழக்கம் இருக்கிறது. ஓடும்போது நெஞ்சு நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் உடனே நின்று உட்காருங்கள். அடங்கவில்லை என்றால் 108. சோடா வேண்டாம்.

என் வயதுக்காரர் சிரித்துக்கொண்டே ஓடுகிறார், எனக்கு மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

"தம்" என்ற சொல்லைப் பாருங்கள். தம் கட்டுவது என்றால் மூச்சை அடக்குவது. கபடியில் பாடிக்கொண்டு போகிறவனுக்கு தம் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அதே சொல்லைத்தான் சிகரெட்டுக்கும் வைத்திருக்கிறோம். ஒரு தம் இன்னொரு தம்மைத் தின்கிறது.

நடப்பது இதுதான். சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஷேர் ஆட்டோவில் சும்மா ஏறி உட்கார்ந்துவிட்டு எந்த ஸ்டாப்பிலும் இறங்காத ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி போகிறது, சீட்டு நிறைந்திருக்கிறது, ஏற வேண்டியவர் ரோட்டில் நிற்கிறார். நுரையீரல் எவ்வளவு இழுத்தாலும் காலுக்குப் போய்ச் சேர வேண்டிய ஆக்சிஜன் குறைவு. போதாததற்கு நிக்கோட்டின் இதயத் துடிப்பை முன்பே ஏற்றி வைத்திருக்கும். நீங்கள் ஓடத் தொடங்கும் முன்பே இதயம் கொஞ்சம் ஓடியிருக்கிறது. மூச்சுக் குழாய்களும் சளியும் எரிச்சலுமாகச் சுருங்கிக் கிடக்கின்றன.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்தக் கார்பன் மோனாக்சைடு சுமார் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறையும். இரவு பத்தரைக்குக் கடைசி சிகரெட், காலை ஐந்தரைக்கு ஓட்டம் என்றால் நடுவில் ஏழு மணி நேரம். அந்த நாளின் மிகச் சுத்தமான ரத்தம் அப்போதுதான் உங்கள் உடம்பில் ஓடுகிறது. அதனால்தான் ஓட்டம் காலையின் முதல் சிகரெட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

நான் செய்ததைச் செய்யாதீர்கள். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிள்ளையார் கோயில் வரை இருநூறு மீட்டர் இருக்கும். போலீஸ் துரத்துவதுபோல் ஓடினேன். பாதி தூரத்தில் விலாவில் குத்தியது, வாயில் இரும்புச் சுவை வந்தது, கோயில் திண்ணையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருமினேன். பால் பாக்கெட் போடுகிற பையன் சைக்கிளை நிறுத்தி, "சார், தண்ணி வேணுமா?" என்றான். அடுத்த பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

சரியான வழி ஏற்கெனவே இருக்கிறது. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், உட்கார்ந்தே பழகிப்போன தன் அம்மா போன்றவர்களுக்காகப் போட்ட திட்டம் அது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், மொத்தம் ஒன்பது வாரம். இணையத்தில் 'கவுச் டு 5கே' என்று தேடினால் கிடைக்கும். முதல் வாரம் இவ்வளவுதான்: ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை. இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

60 விநாடி என்று படிக்கும்போது சிரிப்பு வரும். மூன்றாவது சுற்றில் அந்தச் சிரிப்பு போய்விடும்.

ஒன்பது வாரத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புகைப்பவர்கள் ஒரு வாரத்துப் பாடத்தை இரண்டு வாரம் ஓடினாலும் தப்பில்லை. ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாளில் திடீரென்று நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்லும். நான் அங்கேதான் மாட்டினேன். மூன்று வாரம் அதே ஐந்தாவது வாரம். நான்காவது முறை எப்படி முடிந்தது என்று எனக்கே தெரியாது. அன்று கொஞ்சம் மழை தூறியது, அவ்வளவுதான் ஞாபகம். எனக்கு மொத்தம் பதினாறு வாரம் ஆனது.

அரை நிமிடம்கூட ஓட முடியவில்லை என்றால் முதல் மூன்று வாரம் வெறும் நடை. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்?

வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக. ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை சொல்லிப் பாருங்கள். தெருப் பெயரிலேயே மூச்சு முட்டினால் வேகம் அதிகம். பின்கோடு வரை வந்துவிட்டால் சரி. பக்கத்தில் வேகமாக நடக்கிற மாமி உங்களை முந்திப் போகலாம். போகட்டும். என்னை ஒருவர் மூன்று மாதம் முந்திக்கொண்டே இருந்தார், ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது நுரையீரலால் அல்ல, வேகத்தால். தம் அடிப்பவர் தோற்கும்போது மட்டும் பழி முழுவதும் நுரையீரல் மேல் விழுகிறது.

ஓடி முடித்ததும் ஒரு டீ, ஒரு தம். இது தப்பா?

டீ தப்பில்லை.

ஓட்டம் முடிந்த கையோடு இதயம் வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு நிறைய ஆக்சிஜன் தேவை. அந்த நேரத்தில் ஒரு தம் இழுத்தால் நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பறிக்கிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. இதைவிட மோசமான நேரம் பார்த்து யாராலும் புகைக்க முடியாது. ஓட்டத்துக்கு முன்னும் அப்படித்தான்.

நான் எனக்கு வைத்த விதி: ஓடுவதற்கு முன் ஒன்றும் கிடையாது, ஓடி முடித்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் கிடையாது. அது மருத்துவக் கணக்கில்லை, என் பேரம். சிகரெட், லைட்டர் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். பாக்கெட்டில் சாவியும் இருபது ரூபாயும் மட்டும். டீக்கடைக்காரர் கேட்காமலே சிகரெட் நீட்டும் அளவுக்குப் பழக்கம் என்றால் ஓட்டத்தை வேறு கடை இருக்கும் பக்கம் முடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளியல், இட்லி, பஸ் என்று நாள் ஓடிவிடும். காலை சிகரெட் இரண்டு இப்படித்தான் எனக்குக் கழன்று போயின.

பீடிக்கோ லைட் சிகரெட்டுக்கோ மாறினால் மூச்சு வாங்குவது குறையுமா?

குறையாது. பீடி சின்னதாக இருப்பதால் லேசானது என்று தோன்றும். ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் புகை இன்னும் அதிகம் உள்ளே போகிறது. லைட் சிகரெட்டிலும் ஆள் தன்னை அறியாமல் அதிகமாக இழுத்துச் சமன் செய்துவிடுவார். மின்சிகரெட் விற்பது இந்தியாவில் 2019 முதல் தடை.

ஓடத் தொடங்கியதும் சளியும் இருமலும் கூடிவிட்டதே?

ஓட்டத்தின் ஆழ்ந்த மூச்சு அடியில் கிடப்பதைக் கிளப்பும். சிகரெட்டைக் குறைத்தாலும் விட்டாலும் இன்னும் கூடலாம். மூச்சுக் குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் உண்டு. சளியை மேலே தள்ளும் வேலை அவற்றுடையது. புகையில் முடங்கிக் கிடந்தவை மறுபடி வேலைக்கு வருகின்றன. சில வாரம் இப்படி இருக்கும். போகும்போது ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ரோட்டில் துப்ப வேண்டாம்.

ஆனால் சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மாலைக் காய்ச்சல் இருந்தாலோ, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ "தம் இருமல்தான்" என்று விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை இலவசம். புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

எங்கே, எப்போது ஓடுவது?

சென்னை மாதிரி ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி. வியர்வை காயாது, உடம்பு குளிராது. ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து மணிக்குள் இறங்கி ஆறுக்குள் முடித்துவிடுங்கள். மாநகராட்சி விளையாட்டுத் திடல், பூங்கா நடைபாதை, கடற்கரைச் சாலை எதுவானாலும் சரி. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை குறித்து வைத்திருக்கிறார்கள். அதையும் பார்க்கலாம். கடற்கரை மணலில் மட்டும் ஆரம்பத்தில் ஓடாதீர்கள். கணுக்காலும் கெண்டைக்காலும் கெஞ்சும்.

போகி அன்று காலையும் தீபாவளிக்கு மறுநாள் காலையும் ஓட வேண்டாம். புகையை நாமே காசு கொடுத்து இழுப்பது போதும், ஊர்ப் புகையும் எதற்கு?

நாய் துரத்தினால்?

நில்லுங்கள். ஓடினால் அதற்கு விளையாட்டு. கண்ணுக்குக் கண் பார்க்காமல், முதுகையும் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். எங்கள் தெரு நாய்கள் இரண்டு வாரத்தில் என்னைப் பழகிக்கொண்டன, மூன்றாவது தெருவில் இருப்பவை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

ஷூவுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

தொடக்கத்தில் ஓட்டத்துக்கென்று விற்கும் சாதாரண ஷூ ஒன்று போதும். அளவுதான் முக்கியம். நான் ஒரு கடையில் விற்பனையாளர் பேச்சைக் கேட்டு, "போகப் போக லூஸாயிடும் சார்" என்ற வாக்கை நம்பி, இறுக்கமான ஷூவை நல்ல விலைக்கு வாங்கினேன். ஒரு மாதத்தில் வலது கட்டைவிரல் நகம் கறுத்து, பிறகு விழுந்தது. மாலையில் போய் வாங்குங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். தொடை உரசும் உடம்புக்காரர்கள் தேங்காய் எண்ணெயையோ வாஸ்லினையோ தடவிக்கொண்டு இறங்குங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

எடை குறையுமா?

ஓட்டத்தால் மட்டும் என்றால், எதிர்பார்ப்பதைவிட மிகக் கொஞ்சம். 90 கிலோ ஆள் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் சுமார் 450 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் ஒரு மசால் தோசையும் காபியும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். சிகரெட்டை விடுபவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுவதும் உண்டு. அந்தப் பயத்திலேயே விடாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஓட்டம் அங்கே கைகொடுக்கும்.

பெண்களுக்கு வேறு மாதிரியா?

இந்தக் கேள்வி டீக்கடையில் வருவதில்லை, வாட்ஸ்அப்பில் வருகிறது. திட்டம் அதேதான். ஒன்று மட்டும்: 35 வயதுக்கு மேல் புகைப்பவர் கருத்தடை மாத்திரையும் எடுத்தால் ரத்தம் உறையும் ஆபத்தும் மாரடைப்பு ஆபத்தும் கூடும். மகப்பேறு மருத்துவரிடம் சிகரெட் விஷயத்தை மறைக்காதீர்கள்.

ஓடுகிறேன் அல்லவா, சிகரெட்டின் கெடுதல் கழிந்துவிடாதா?

கழியாது. ஓட்டம் இதயத்துக்கு நல்லது செய்யும், உண்மை. புகையில் இருக்கும் புற்றுநோய்ப் பொருள்களை அது கழுவிவிடாது. ஓடுவதையே சாக்காக வைத்து இன்னொன்று பற்றவைப்பது நம்மை நாமே ஏமாற்றுவது. நான் செய்திருக்கிறேன்.

சரி, ஓடிக்கொண்டே இருந்தால் சிகரெட் தானாகவே விட்டுப் போய்விடுமா?

இதற்கு "ஆமாம்" என்று சொல்லிவிட ஆசைதான். எனக்கு அப்படி நடக்கவில்லை. பன்னிரண்டு, ஓட்டத்தால் ஏழாயிற்று. மூன்றாம் மாதம் நான்கு. அங்கே நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நான்கு மணி டீயோடு ஒன்று, வீட்டுக்குப் போகும் வழியில் ஒன்று, இரவு மொட்டை மாடியில் ஒன்று. இந்த நான்கும் எந்த ஓட்டத்துக்கும் அசையவில்லை. ஒரு வேக நடையோ சின்ன ஓட்டமோ அந்த நேரத்துத் தவிப்பைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. என் அனுபவமும் அதுதான். ஆனால் சாப்பாட்டு இடைவேளையில் ஃபார்மல் பேண்ட்டோடு எங்கே ஓடுவது?

அந்த நான்குக்கு உதவி தேவைப்பட்டது. சிகரெட் பெட்டியிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிட்டிருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பெட்டியைத் திறந்தவன் ஒருநாள்தான் அதைப் படித்தேன். நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராமில் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதைச் சாதா சூயிங்கம் மாதிரி மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரச் சுவை வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, சுவை போனதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்து 15 நிமிடம் கழித்துதான் வாயில் போட வேண்டும், இல்லையென்றால் சரியாக உறிஞ்சாது. எனக்கு முதல் ஒரு வாரம் வீணானது இதனால்தான். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னும் கடினமாக இருந்தால் டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளும் உண்டு.

இரண்டு முறை விட்டு இரண்டு முறையும் விழுந்தேன். ஒன்று அலுவலகச் சண்டையில், ஒன்று மச்சினன் கல்யாணத்தில். மூன்றாவது முறை நின்றது. விட்டு 48 மணி நேரத்தில் ரத்தத்தின் கார்பன் மோனாக்சைடு புகைக்காதவர் அளவுக்கு வந்துவிடும். மூன்று முதல் ஒன்பது மாதத்தில் நுரையீரலின் திறன் 10 சதவீதம் வரை கூடலாம். ஒரு வருடத்தில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், மாரடைப்பு ஆபத்து பாதி. புத்தகத்தில் இப்படி இருக்கும். தெருவில் எனக்குத் தெரிந்தது வேறு மாதிரி: அதே பிள்ளையார் கோயில் ஏற்றத்தில் ஒருநாள் போன் வந்தது. எடுத்துப் பேசினேன். "எங்கடா இருக்கே?" என்று அம்மா கேட்டாள். ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதை நம்பவில்லை.

போட்டியில் எப்போது பெயர் கொடுக்கலாம்?

நடை கலந்தாவது முப்பத்தைந்து நிமிடம் தொடர்ந்து போக முடிந்தால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொடுக்கலாம். சென்னையில் டிசம்பர், ஜனவரியில் குளிர்ச்சியாக இருக்கும்போது இத்தகைய ஓட்டங்கள் வரிசையாக வரும். பத்துக்கும் இருபத்தொன்றுக்கும் முதல் வருடத்திலேயே ஆசைப்படாதீர்கள். புகைத்த உடம்பில் எலும்பும் தசைநாரும் ஆற நேரம் எடுக்கும், முன்னங்கால் எலும்பு வலி வந்தால் ஒரு மாதம் போய்விடும். எனக்கு ஐந்து கிலோமீட்டருக்கு 43 நிமிடம் ஆனது. பின்னால் இன்னும் நிறையப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். பெயர் கொடுக்கும்போது டி-ஷர்ட் சைஸ் கேட்பார்கள். இளைத்துவிடுவோம் என்று எண்ணி ஒரு சைஸ் குறைத்துப் போடாதீர்கள், இன்று எது சரியாக இருக்கிறதோ அதையே போடுங்கள்.